தொட்டியும் தம்ளரும்

தண்ணீருக்கு ஜாதி இல்லை என்று மேடைதோறும் சொல்லக் கேட்கின்றோம். கேட்டுக் கைதட்டியும் இருக்கின்றோம். ஆனால், கைதட்டி ஓய்ந்து வீட்டிற்குத் திரும்பி, தாகத்திற்கு ஒரு குவளை நீரைக் கையில் எடுக்கும்போது, அந்த வாக்கியத்தை மெய்யாக்கியவர் யார் என்று ஒரு நாளேனும் நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? பெரியோர்களின் உபதேசம் மெய்யாக்கிற்றா? சாஸ்திரம் மெய்யாக்கிற்றா? அல்லது, நான்கு இரும்புக் கால்களின்மேல் வாய் திறவாமல் நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி மெய்யாக்கிற்றா? இதனைத்தான் இங்கே சிறிது ஆராயப் புகுகின்றோம். ஆராய்ச்சியின் முடிவு நமக்கே முற்றிலும் இனிப்பாக இராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றோம்.

இந்நாட்டில் தண்ணீர்த் தொட்டி என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது கீழ்ப்பேராக்கிலுள்ள தெலுக் இந்தான் கோபுரமே. முன்னர் தெலுக் ஆன்சன் என்று வழங்கிய அவ்வூரில், லியோங் சூன் சோங் என்னும் சீனக் கட்டிடக் குத்தகைக்காரர் 1885-ஆம் ஆண்டில் அதனைக் கட்டினார். உயரம் 25.5 மீட்டர். வெளியே நின்று பார்த்தால் எட்டு அடுக்குகள் போலத் தோன்றும். உள்ளே மூன்றே தளங்கள். ஊருக்குக் குடிநீரைச் சேமித்து வைக்கும் தொட்டியும், ஊருக்கு நேரம் சொல்லும் கடிகாரமும் அதில் அமைந்தன. அடியிலுள்ள மண் மிருதுவானது. மேலே தண்ணீரின் பாரமோ பெரிது. ஆகவே கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இன்று அயலூரார் அங்கே போய், கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்ளுகின்றனர். அதற்குள் என்ன இருந்தது என்று கேட்போர் சிலரே. நேராக நின்றிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீர் தந்ததற்காக ஒரு பொருளைப் பாராட்டும் வழக்கம் மனிதருக்கு இல்லை போலும். அது தவறி நிற்கும்போதுதான் கண்ணில் படுகின்றது.

தொட்டியை ஏன் உயரத்தில் வைக்கின்றார்கள்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிந்த விஷயமே. நீர் தன் மட்டத்தைத் தேடி ஓடும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் விசையோடு குழாயை வந்தடையும். இரவில் ஊர் உறங்கும்போது தொட்டி நிரம்பும். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும்போது, பம்பு ஓடினும் ஓடாவிடினும், உயரமே ஊருக்கு நீர் ஊட்டும். இதில் ஒரு அழகு இருக்கின்றது. உலகத்தில் உயர்ந்த இடத்தில் இருப்பவையெல்லாம் கீழே உள்ளவற்றிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்க, இது ஒன்று மட்டும் கொடுப்பதற்காக உயரத்தில் நிற்கின்றது. தான் ஊட்டும் வீடு யாருடையது என்று அது கேட்பதில்லை. கோயிலுக்குப் போகும் குழாய் என்றும், மசூதிக்குப் போகும் குழாய் என்றும், தோட்டி வீட்டுக் குழாய் என்றும் அதற்குத் தெரியாது.

இனி நமது கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வருவோம். இப்பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்களே தண்ணீரில் நனைந்தவை. கோலாலம்பூர் என்பது சேற்று ஆற்றின் சங்கமம். அம்பாங் என்பது நீரைத் தடுக்கும் அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. ஈயச் சுரங்கத்தார் மண்ணைக் கழுவுவதற்காக ஓடைகளைத் தடுத்து வைத்ததனால் அப்பெயர் உண்டாயிற்று. 1857-ஆம் ஆண்டில், கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 87 சீனச் சுரங்கத் தொழிலாளரை ஆற்றின் வழியாக மேலே அனுப்பினார் என்பதும், அவர்கள் அம்பாங் காட்டை அடைந்து ஒரு மாதத்திற்குள் காய்ச்சலால் 69 பேர் மாண்டு 18 பேரே எஞ்சினர் என்பதும் சரித்திரம். இன்று வானளாவிய கட்டிடங்கள் நிற்கும் இந்நகரம் அந்த 69 பிணங்களின்மேல் எழுந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1881-ஆம் ஆண்டு ஜனவரியில் தீயும், அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளமும் ஊரை அழித்தன. கூரை வீடுகள் போய்ச் செங்கல் வீடுகள் வரவேண்டும் என்று ஆணை பிறந்தது. அதற்குச் செங்கல் அறுத்த களமே பின்னர்ப் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. 1886-இல் கிள்ளானுக்கு ரயில் ஓடிற்று. ரயிலோடு தமிழரும் யாழ்ப்பாணத்தவரும் வந்து அக்களத்தைச் சுற்றிக் குடியேறினர். 1890-இல் சுகாதாரச் சபை ஏற்பட்டது. கிணற்றையும் கலங்கிய ஆற்றையும் நம்பியிருந்த ஊருக்கு, பிறகு அம்பாங் மலைச்சாரலின் ஓடைநீர் குழாய்வழி வந்தது. ஊர் பெருத்தது, ஓடை போதவில்லை. 1958-இல் கிள்ளான் ஆற்றின் குறுக்கே, வெண்பாறை மலைகள் இரண்டு வாயிற்கதவுபோல் நிற்கும் இடத்தில், கிள்ளான் கேட்ஸ் அணை எழுந்தது.

இந்தக் குழாய்களை இட்டவர்கள் நம்மீது கொண்ட அன்பினால் இட்டார்களா என்றால், அதுதான் இல்லை. அச்சத்தினால் இட்டார்கள். 1854-இல் லண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், நோய் ஒரு தெருவிலிருந்த அடிபம்பின் நீரிலிருந்தே வருகின்றது என்று கண்டு, அப்பம்பின் கைப்பிடியைக் கழற்றி எடுக்கச் செய்தார். அதன்பின்னர்தான், ஏழை குடிக்கும் கெட்ட நீர் சீமான் வீட்டிற்கும் மரணத்தைக் கொண்டுபோகும் என்பது ஆளுவோர் மூளையில் மெல்ல மெல்ல ஏறிற்று. 1901-ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள்ளேயே குளிர்காய்ச்சல் தொழிலாளரை வாரிக்கொண்டு போகத் தொடங்கவே, துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போது கிள்ளான் வட்டார மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடித்தும் காட்டை வெட்டியும் கொசுவை ஒழிக்க வழி காட்டினார். மூட்டை சுமக்கும் கூலிக்குக் காய்ச்சல் வந்தால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் வருமானம் நிற்கும். கணக்கு அவ்வளவே. ஆனால் அந்தக் கணக்கினால் பிழைத்த உயிர்கள் எத்தனை! அச்சத்தினால் விளைந்த நன்மை நன்மையல்லவென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

தோட்டத்திற்குப் போனால் காட்சி வேறு. தோட்டத்திலும் தொட்டி உயரத்தில்தான் நின்றது. ஆனால் அந்த உயரத்திற்குப் பக்கத்தில் துரையின் பங்களா நின்றது. குன்றின் உச்சியில் பங்களா, சரிவில் கிராணிமார் வீடு, அடியில் லயம். நீர் கீழ்நோக்கி ஓடும் என்ற இயற்கை விதி, அங்கே மனிதர் செய்த வரிசைக்குத் துணைபோயிற்று. மேலே பூஞ்செடிகள் நனைந்தபின், கீழே நாற்பது வீட்டிற்கு ஒரு பைப்பு. பால்மரம் வெட்டப் போகுமுன் விடியற்காலை இருட்டிலே வாளிகள் வரிசை நிற்கும். சில தோட்டங்களில் அந்தப் பைப்பும் இல்லை. கிணறும் ஆறுமே கதி. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வீடும் தண்ணீரும் மருத்துவமும் தருவது தோட்ட முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது. எழுதியது நடந்திருந்தால், 1990-ஆம் ஆண்டில் மறுபடியும் ஒரு சட்டம் வந்து, பொதுக்குழாயின் நீரை இலவசமாகவும் போதுமான அளவிலும் தரவேண்டும் என்று விதிக்கவேண்டிய அவசியம் என்ன? இடையில் 67 ஆண்டுகள்! 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்றாயிருந்தது. கூலி உயர்வு கேட்டவர்கள் இதையும் ஏன் கேட்டார்கள் என்று வியப்போர், குன்றின் அடியிலிருந்து ஒரு நாளேனும் நீர் சுமந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு வார்த்தை. ‘குழாயடிச் சண்டை’ என்று நம்மவர் ஏளனமாகப் பேசுகின்றனர். தெருவுக்கு ஒரு குழாயும், குழாய்க்கு ஒரு மணி நேரமும் தந்துவிட்டு, அங்கே நிற்கும் பெண்கள் நாகரிகமாகப் பேசவில்லையென்று குறை கூறுவது எந்த நியாயம்? சட்டசபையில் கோட்டுப் போட்டவர்கள் இதைவிட அற்பமான பொருளுக்காக இதைவிட உரக்கக் கத்துவதை நாம் கேட்டிருக்கின்றோம். உண்மையில், முறை என்பது என்ன, பங்கு என்பது என்ன, முந்தியவர் யார், பிள்ளைக்காரிக்கு வழிவிடுவது யார் என்ற நீதிகளையெல்லாம் நம் தாய்மார் கற்றதும் கற்பித்ததும் அந்தக் குழாயடியில்தான்.

ஆனால் அதே குழாயடியில் வேறொன்றும் நடந்தது. அதை மறைப்பது நமக்குப் பெருமையாகாது. கடல் கடந்தால் ஜாதி போய்விடும் என்று பழைய ஆசாரக்காரர்கள் பயந்தார்கள். அவர்கள் பயப்பட்டது வீண்; அது பத்திரமாகக் கப்பலேறி வந்து சேர்ந்தது. பல தோட்டங்களில் லயங்கள் ஜாதிவாரியாகப் பிரிந்திருந்தன. ஒரே கங்காணியின் கீழ், ஒரே மரத்தை வெட்டி, ஒரே துரையிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்கள், மாலையில் யார் குடத்தை யார் தொட்டார்கள் என்று சண்டையிட்டார்கள். ஊரிலோ, தேநீர்க் கடையின் வெளியே தாழ்வாரத்தில் கயிற்றில் தொங்கிய கொட்டாங்கச்சியை நாம் அறிவோம். உள்ளே இருப்பவனுக்குத் தம்ளர். வெளியே நிற்பவனுக்குக் கொட்டாங்கச்சி. அதையும் அவனே எடுத்து, அவனே கழுவி, அவனே மாட்டிவிட்டுப் போகவேண்டும். சட்டம் வந்தபின் கொட்டாங்கச்சி போய் இரண்டாவது தம்ளர் வந்தது. இதைச் சீர்திருத்தம் என்று சொல்லிக்கொண்டவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட மனிதர்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்து அடுக்கு வீடுகளில் ஏறியபோது, தொட்டி அவர்களை ஒரு வார்த்தையும் கேளாமல் ஒன்றாக்கிவிட்டது. கூரையின்மேல் ஒரு தொட்டி. அதிலிருந்து இறங்கும் ஒரு குழாய். அக்குழாயில் எல்லா ஜாதியும், எல்லா மதமும், எல்லா இனமும். நாம் அறிந்த ஒரு மூதாட்டியார், கிள்ளானுக்கு அண்மையிலிருந்த ஒரு தோட்டத்தில் ஐம்பது ஆண்டு வாழ்ந்து, பிறகு கோலாலம்பூரின் தென்புறத்தில் மகனோடு அடுக்கு வீட்டில் இருந்தார். அடுத்த வாசலிலிருந்த குடும்பமும் அதே தோட்டத்திலிருந்து வந்ததுதான்; மறு லயத்துக் குடும்பம். அவ்வீட்டில் கை நனைப்பதில்லை என்பது மூதாட்டியாரின் விரதம். ஒரு நாள் நாம் குறும்பாக, “பாட்டி, மேலே இருக்கிற தொட்டியில் அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே தண்ணீர்தானே?” என்று கேட்டோம். அவர் சிறிதும் கோபிக்கவில்லை. “குழாயிலே வர்றதை யாரு தொட்டாங்கன்னு நான் கண்டேனா ஐயா? கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

இந்தப் பதிலை நாம் பலநாள் சுமந்து திரிந்தோம். இதில் ஒரு பெரிய தத்துவம் அடங்கியிருக்கின்றது. அது நமக்கு எதிரான தத்துவம். குழாய் தீண்டாமையை ஒழித்தது என்று நாம் எண்ணியிருந்தோம். மூதாட்டியார் கணக்கிலோ, குழாய் தீண்டாமையை ஒழிக்கவில்லை, தீண்டுதலை மறைத்தது. மறைந்துபோன தீண்டுதலோடு அவர் சமாதானம் செய்துகொண்டார். கண்ணில் பட்ட தீண்டுதலோடு அவர் போரை நிறுத்தவேயில்லை.

இதை நினைக்குந்தோறும் டாக்டர் அம்பேத்கர் தமது பள்ளிப் பருவத்தைப்பற்றி எழுதியிருப்பது நினைவுக்கு வருகின்றது. அவர் படித்த பள்ளிக்கூடத்திலும் குழாய் இருந்தது. மற்றப் பிள்ளைகள் தாகமெடுத்தால் போய்த் திறந்து குடிக்கலாம். அவர் அதைத் தொடலாகாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். சேவகன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதே. கவனியுங்கள். குழாய்க்குள் ஓடிய நீருக்கு ஜாதி இல்லை. குழாய்க்கும் ஜாதி இல்லை. ஆனால் அதன் திருகுக்கு ஜாதி இருந்தது! மனிதன் கை வைக்கவேண்டிய இடம் எங்கே வருகின்றதோ, அங்கே ஜாதி தன் காவலாளை நிறுத்திவிடுகின்றது. லண்டனில் கைப்பிடியைக் கழற்றியவுடன் நோய் அடங்கிற்று. நம் தேசத்தில் நோயே கைப்பிடியில் இருந்தது.

குழாயில்லாத குளத்திற்கு வந்தால் வழக்கு இன்னும் வெளிப்படை. 1923-இல் பம்பாய்ச் சட்டசபை, பொதுக் குளங்களும் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்று தீர்மானித்தது. மஹாத் நகரசபை 1924-இல் தன் சௌதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானமும் செய்தது. தீர்மானம் காகிதத்திலேயே உறங்கிற்று. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அக்குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அதற்குக் கிடைத்த விடை அடி. பிறகு குளத்திற்குச் சுத்தி. சாணமும் கோமியமும் கலந்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டி அதனைத் ‘தூய்மை’ செய்தார்கள்! மனிதன் குடித்ததால் கெட்ட நீர் சாணத்தால் நல்ல நீராயிற்றாம். 1937-இல் உயர்நீதிமன்றம் தாழ்த்தப்பட்டோர் பக்கம் தீர்ப்பளித்தது.

அது பழைய கதை, இப்போது ஊருக்கு ஊர் மேல்நிலைத் தொட்டி வந்துவிட்டதே என்பீர்கள். வந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் என்னும் சிற்றூரில், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்கு நீரளித்த மேல்நிலைத் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பிள்ளைகள் நோயுற்றபிறகே அது தெரியவந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள், அவ்வூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததையும், கோயிலுக்குள் அம்மக்கள் விடப்படாததையும் சேர்த்தே கண்டனர். 2025 ஜனவரியில் போலீசார் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய, அப்பகுதி மக்களும் பல கட்சியினரும் அதனை ஏற்க மறுத்தனர். குற்றவாளி யார் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. நாம் கேட்பது வேறு. அச்சிற்றூரில் அக்குடியிருப்புக்கென்று ஒரு தனித் தொட்டி நின்றது எதனால்? குழாய் மனிதரை ஒன்றாக்கும் என்று நாம் நம்பியிருக்க, மனிதர் தொட்டியையே இரண்டாக்க முடியும் என்று காட்டிவிட்டார்களே!

இவ்விடத்தில் இரண்டு கட்சியார் நம்மை இரண்டு பக்கமும் இழுக்கின்றனர். ஒரு கட்சியார், “பார்த்தீர்களா! உள்ளம் திருந்தாமல் குழாய் போட்டுப் பயனென்ன? முதலில் மனத்தைத் திருத்துங்கள், மற்றவை தாமே வரும்” என்பர். இவர்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டில் குழாய் உள்ளவர்கள். மனம் திருந்தட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு அவகாசம் உண்டு, தாகமுள்ளவனுக்கு இல்லை. எத்தனையோ நூற்றாண்டுகளாக நம் நாட்டில் மனத்தைத் திருத்தும் வேலை நடந்தது. ஞானிகள் பாடினார்கள், நாம் அப்பாட்டைக் கோயிலில் பாடிவிட்டு, பாடியவர் ஜாதியைச் சேர்ந்தவனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினோம். ரயில் வண்டியோ ஒரே நாளில் எல்லாரையும் ஒரே பலகையில் உட்காரவைத்தது. உள்ளத்தை முதலில் திருத்தவேண்டும் என்பது, பல சமயங்களில், ஒன்றையும் திருத்தவேண்டாம் என்பதற்கு மரியாதையான மறுபெயர்.

மற்றொரு கட்சியார், “உள்ளம் எப்படியிருந்தால் என்ன? நீர் கிடைக்கின்றதா, இல்லையா? ஏற்பாட்டைச் செய், எண்ணத்தை விடு” என்பர். இவர்கள் பக்கமே நாம் நெடுநாள் நின்றோம். இன்றும் பெரும்பாலும் அங்கேயே நிற்கின்றோம். மூதாட்டியார் மனம் மாறாமலே மாண்டிருந்தாலும், அவர் பேரப்பிள்ளைகள் அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே குழாயில் வாய்வைத்துக் குடித்து வளர்ந்தார்கள். அவர்களுக்கு அது சாதனையன்று, வழக்கம். நீதி வழக்கமாகிவிடுவதைக் காட்டிலும் பெரிய வெற்றி அதற்கு ஏது? ஆனாலும் இக்கட்சியில் ஒரு ஓட்டை உண்டு. ஏற்பாடு எவ்வளவு தூரம் வரும்? குழாயின் வாய் வரையில் வரும். அதற்கப்பால், குழாயிலிருந்து பாத்திரத்திற்கும், பாத்திரத்திலிருந்து இன்னொருவர் கைக்கும் உள்ள ஒரு முழ தூரத்திற்கு எந்தப் பொறியியல் வல்லவரும் குழாய் போட இயலாது. அந்த ஒரு முழத்தில் மனிதன் தனியாக நிற்கின்றான். வேங்கைவயலில் தொட்டிமேல் ஏறியதும் ஏதோ ஒரு கைதானே!

1998-ஆம் ஆண்டு அந்த ஒரு முழத்தை நாம் நேரில் கண்டோம். மழை பொய்த்தது, அணைகள் வற்றின, கோலாலம்பூரிலும் சுற்றுப்புறத்திலும் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. மூதாட்டியார் இருந்த அடுக்கு வீட்டின் கீழே தண்ணீர் லாரி வந்து நிற்கும். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் வாளியோடு வரிசையில் நிற்பர். மகன் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், மூதாட்டியாரால் நான்கு மாடி இறங்க முடியவில்லை. அடுத்த வீட்டுப் பெண் தனக்கென்று சுமந்துவந்த இரண்டு வாளியில் ஒன்றை, ஒன்றும் பேசாமல், அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். இது குழாய்த் தண்ணீரன்று. யார் தொட்டது என்று தெரிந்த தண்ணீர். மூதாட்டியார் வெகுநேரம் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு அதில் சோறாக்கினார். மறுநாள் வாளியைத் திருப்பியபோது வெறும் வாளியாகக் கொடுக்கக்கூடாதென்று, அதில் ஒரு தட்டுக் கொழுக்கட்டை வைத்து அனுப்பினார். இதைக் கேட்டு நாம் மகிழ்ந்து, “பாட்டி மாறிவிட்டார்” என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தோம். சில வாரம் கழித்து மழை பெய்தது. குழாயில் நீர் வந்தது. அடுத்த வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் வந்தது. மூதாட்டியார் அதை வாங்கி, பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். தாம் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று நாம் கேட்கவில்லை. சர்க்கரை நோயாகவும் இருக்கலாம்.

மறைந்திருப்பது தீண்டுதல் ஒன்று மட்டுமன்று. குழாய் எவ்வளவு நீளுகின்றதோ, அவ்வளவுக்கு அதன் மறுமுனை நம் கண்ணுக்கு அப்பாற்படுகின்றது. முன்னர்க் கிணற்று நீர் குடித்தவனுக்குக் கிணறு வெட்டியவனைத் தெரியும். இன்று பிரிக்பீல்ட்ஸில் குழாயைத் திறப்பவர் எந்த ஆற்றைக் குடிக்கின்றார்? சுங்கை சிலாங்கூர் அணை கட்டியபோது, கோலா குபு பாரு மலைப்புறத்தில் கெராச்சி, பெரெதாக் என்னும் தெமுவான் பழங்குடி மக்களின் ஊர்கள் இடம்பெயர்க்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஆற்றங்கரையை அவர்கள் நமக்காக விட்டுப்போனார்கள். அதுவும் போதாமல், பகாங் மாநிலத்து நீரைத் தித்திவங்சா மலைத்தொடரைத் துளைத்து 44.6 கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் வழியே கொண்டுவர ஏற்பாடாகி, 2014-இல் அச்சுரங்கம் முடிந்தது. 2020 செப்டம்பரில் யாரோ ஆற்றில் கழிவைக் கலந்தார்கள் என்று நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடவேண்டி வந்து, ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றபோது, ஊரெங்கும் கூக்குரல். கெராச்சியும் பெரெதாக்கும் போனபோது நம்மில் எத்தனை பேர் கூவினோம்? ‘கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் என்ன பண்ணட்டும்?’ மூதாட்டியாரைப் பார்த்துச் சிரித்த நாம், அவருடைய சாஸ்திரத்தையே பெரிய அளவில் அனுஷ்டித்து வருகின்றோம்.

மூதாட்டியாரைப்பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, நம்மைப்பற்றி ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடுவது யோக்கியமாகாது. சென்ற ஆண்டு நம் தெருவில் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் இடச் சாலையைத் தோண்டினார்கள். தோண்டியவர்கள் வங்கதேசத்தவர். நூறு ஆண்டுக்கு முன்னர் இந்நாட்டில் சடக்குப் போடவும் தண்டவாளம் போடவும் நம் பாட்டன்மார் குனிந்த அதே குனிவில் அவர்கள் குனிந்திருந்தார்கள். உச்சி வெயில். ஒருவர் நம் வாசற்கதவருகில் வந்து, “ஆயர், போஸ்” என்று கேட்டார். நாம் விரைந்து உள்ளே போனோம். அடுக்களை அலமாரியில் எவர்சில்வர்த் தம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. அவற்றின் பக்கத்தில், பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கி மீந்த பிளாஸ்டிக் தம்ளர்கள் ஒரு கட்டு. நம் கை தானாகப் பிளாஸ்டிக்குக்குப் போயிற்று. ஜாதியை நினைத்தல்ல; அவர் ஜாதி நமக்கென்ன தெரியும்? தொற்றுநோய்க் காலம் கண்டவர்கள் நாம், சுகாதாரம் பார்ப்பதில் தவறென்ன என்று நடந்துகொண்டே நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். குளிர்ந்த நீர்தான் கொடுத்தோம், இரண்டு முறை ஊற்றினோம், முகமலர்ச்சியோடுதான் கொடுத்தோம். அவர் குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினார். வேண்டாம், எறிந்துவிடுங்கள் என்று சைகை காட்டினோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அதே வேளையில் மீண்டும் வந்தார். கதவுக்கு வெளியே, சற்று எட்டவே நின்றுகொண்டு, கழுவித் துடைத்து வைத்திருந்த அதே பிளாஸ்டிக் தம்ளரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நம் முன் நீட்டினார்.